கேளிக்கைப் பூங்காச் சவாரிகளும் காலமும்: இரு சாராருக்கும் ஒரு மறுப்பு

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்திலுள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிறேற் அட்வெஞ்சர் என்னும் கேளிக்கைப் பூங்காவிலே 139 மீற்றர் உயரமான உருக்குக் கோபுரமொன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ‘கிங்டா கா’ என்பது அதன் பெயர். றோலர் கோஸ்ரர் என வழங்கும் ஏற்ற இறக்க வண்டிப்பாதைகளுள், 2005 மே மாதத்தில் அது திறந்துவைக்கப்பட்டபோது, உலகிலேயே மிக உயரமானதும் மிக வேகமானதும் அதுவே. தகர்க்கப்பட்டபோது அதற்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அங்கிருந்து அதிக தொலைவில்லாத நியூயோர்க் நகரின் கொனி ஐலன்ட் கடற்கரையிலே ‘சைக்கிளோன்’ என்னும் வண்டிப்பாதை 1927 யூன் 26ஆந் திகதி தொடக்கம் நிற்கின்றது. அதன் உயரம் ஏறக்குறைய 26 மீற்றர் மாத்திரமே. இன்றும் அதில் ஏறுவதற்கு மக்கள் வரிசையில் நிற்கின்றனர்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் பெரும்பாலும் ஒரு முடிவுக்கே வருகின்றனர். பழைய சவாரிகள் காலத்தைத் தாங்குகின்றன, நவீன திகிற் சவாரிகள் விரைவில் மூப்படைகின்றன என்பதே அம்முடிவு. இதனை மறுப்போரும் உளர். பழையனவற்றுள் அழிந்தவை அழிந்துபோக, எஞ்சிய சிலவற்றை மாத்திரம் நாம் காண்கின்றோம், எஞ்சியவற்றைக் கொண்டு ஒரு காலப்பகுதியை மதிப்பிடுதல் தர்க்கமாகாது என்பது அவர்களது வாதம். முதற் சாரார் மரத்தையும் கைவினையையும் போற்றுகின்றனர்; இரண்டாஞ் சாரார் பொறியியலின் வளர்ச்சியைப் போற்றுகின்றனர். இவ்விரு சாராரும் கோட்டைத் தவறான இடத்திலே கீறிவிட்டனர் என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். எண் ஒன்றை வெல்வதற்காக அமைக்கப்பட்ட சவாரிக்கும் மனிதர் மீண்டும் மீண்டும் ஏறுவதற்காக அமைக்கப்பட்ட சவாரிக்கும் இடையிலேதான் கோடு கீறப்படல் வேண்டும். அக்கோட்டின் இருபுறத்திலும் பழையனவும் உள்ளன, புதியனவும் உள்ளன.

பல்கலைக்கழகச் சஞ்சிகை ஒன்றிலே கேளிக்கை யந்திரங்களுக்கு என்ன இடம் என்று முகஞ் சுளிப்போர் இருப்பர். ஈழத்து இலக்கிய உலகிலே 1960களின் முற்பகுதியில் மரபுப் போராட்டம் நிகழ்ந்தபோது, பழமை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை ஏற்போரும் அதே காரணத்துக்காக ஒன்றைத் தள்ளுவோரும் எவ்வாறு வாதாடினர் என்பதை அறிந்தோருக்கு இவ்விவாதத்தின் சாயல் புதிதாக இராது. தவிரவும், கோடிக்கணக்கான உழைக்கும் மக்கள் தமது ஓய்வு நாளையும் கைப்பொருளையும் செலவிட்டு ஏறுகின்ற பொருளொன்றை ஆராய்ச்சிக்குத் தகாதது என ஒதுக்குதல் புலமையாகாது.

முதலிற் பழமையைப் போற்றுவோரை நோக்குவோம். 1920கள் வண்டிப்பாதைகளின் பொற்காலம் என்பர். அந்தப் பொற்காலத்திலேதான் ஹரி றேவர் என்பார் தமது மூன்று கொடிய வண்டிப்பாதைகளை அமைத்தார். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே கிறிஸ்ரல் பீச்சில் ஒன்று, நியூஜேர்சியின் பலிசேட்ஸ் பூங்காவில் ஒன்று, மசாசூசெற்ஸ் மாநிலத்தின் றிவியர் கடற்கரையில் ஒன்று. மூன்றும் 1927இல் மக்களுக்குத் திறக்கப்பட்டவை. நேரான பாதை என்று சொல்லத்தக்க துண்டு அவற்றில் அரிது. திருப்பங்கள் ஒன்றன்மேலொன்றாக வந்து உடலை உலுக்கின. கிறிஸ்ரல் பீச்சில் இறங்குமிடத்திலே மயங்குவோரைக் கவனிப்பதற்கென மருத்துவத் தாதி ஒருவரை நிறுத்தியிருந்தனர். இதனை நிர்வாகம் மறைக்கவில்லை; விளம்பரமாகவே கொண்டது. விளைவு யாது? றிவியர் கடற்கரையிலிருந்தது 1933இலும் பலிசேட்ஸில் இருந்தது 1934இலும் அகற்றப்பட்டன. கிறிஸ்ரல் பீச்சில் இருந்தது 1946 வரை இழுபட்டது. இவை மூன்றும் கிங்டா காவை விடக் கூடிய ஆயுளைக் கண்டவையல்ல. பழமை இவற்றைக் காக்கவில்லை.

இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இதே பாடம் ஒருமுறை நடந்து முடிந்திருந்தது. 1895இல் கொனி ஐலன்டிலே ‘ஃபிளிப் ஃபிளாப்’ என்னும் பாதை வண்டியைத் தலைகீழாகச் சுழற்றிக் காட்டியது. அதன் சுழலை முழு வட்டமாகவே அமைத்திருந்தனர். வண்டி வட்டத்தினுள் நுழையும் கணத்திலேயே உடலின்மீது தாங்கொணாத விசை தாக்கியது. கழுத்து நோவுடன் மக்கள் இறங்கினர். பார்ப்பதற்குக் கூட்டம் சேர்ந்தது, ஏறுவதற்குச் சேரவில்லை. தலைகீழ்ச் சுழல் மனித உடலுக்கு ஏற்றதாவதற்கு 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு கலிபோர்னியாவிலே ஜேர்மானியரான அன்ரன் சுவார்ஸ்கொப் அமைத்த ‘றெவலூஷன்’ பாதையில் சுழல் வட்டமாக இராது, மேலே குறுகிக் கீழே விரியும் கண்ணீர்த்துளி வடிவில் இருந்தது. அதனால் விசை மெல்ல மெல்ல ஏறி இறங்கிற்று. பழமையைப் போற்றும் நண்பர்கள் இதனை மனங்கொள்ளல் நன்று. இங்கே பழையது சித்திரவதை, புதியதே நயமுடையது.

கிறிஸ்ரல் பீச்சின் கதையில் இன்னொரு பகுதி உண்டு. என் வாதம் முழுவதையும் அதன்மீதே நிறுத்தலாம் என எண்ணுகின்றேன். 1946இல் மூடப்பட்ட அந்தக் கொடிய பாதையின் உருக்கு வீசப்படவில்லை. அதில் ஒரு பகுதியைக் கொண்டே 1948இல் அதே பூங்காவில் ‘கொமெற்’ என்னும் வேறொரு பாதை கட்டப்பட்டது. நீண்ட, அகன்ற ஏற்ற இறக்கங்கள். இருக்கையிலிருந்து உடல் சற்றே மிதந்தெழும் கணங்கள். முறிக்கும் திருப்பங்கள் இல்லை. 1989இல் கிறிஸ்ரல் பீச் பூங்காவே மூடப்பட்டபோது கொமெற் ஏலத்தில் விற்கப்பட்டது. துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு, நியூயோர்க் மாநிலத்தின் லேக் ஜோர்ஜ் பகுதியிலுள்ள கிறேற் எஸ்கேப் பூங்காவிலே 1994இல் மீண்டும் பொருத்தப்பட்டது. அங்கே இன்றும் ஓடுகின்றது. உருக்கு அதே உருக்குத்தான். ஒரு வடிவிலே அது இருபது ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை; மற்றொரு வடிவிலே எழுபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டி, நாடும் மாறி நிற்கின்றது. மரமா உருக்கா, பழையதா புதியதா என்ற வினாக்கள் இவ்விடத்துப் பொருளற்றுப் போகின்றன.

இனி, பழையன ‘தாமாகவே’ காலத்தைத் தாங்கின என்ற மயக்கத்தையும் களைதல் வேண்டும். சைக்கிளோன் தாமாக நின்றதன்று. 1970களில் நியூயோர்க் மாநகர நிர்வாகம் அருகிலிருந்த நீர்வாழ் உயிரினக் காட்சியகத்தை விரிவாக்குவதற்காக அதனை இடித்துவிட எண்ணியது. எதிர்ப்பு எழுந்தது. அயலிலிருந்த அஸ்ட்ரோலான்ட் பூங்கா அதனைக் குத்தகைக்கு எடுத்துத் திருத்தி 1975இல் மீண்டும் ஓடவிட்டது. 1988இலேதான் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அது அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தின் மார்கேற் நகரில் 1920 முதல் ஓடிய ‘சீனிக் றெயில்வே’, பூங்கா நிலத்தை வேறு தேவைக்கு விற்றுவிட முனைந்த வேளையில் மூடப்பட்டது. 2008இல் தீவைப்பினால் எரிந்தது. நகரமக்களின் இயக்கமும் உள்ளூராட்சிச் சபையின் கட்டாயக் கொள்வனவும் சேர்ந்தே 2015இல் அதனை மீண்டும் ஓடச்செய்தன. பென்சில்வேனியாவின் அல்ரூனாவிலே 1902இல் எழுந்த ‘லீப் த டிப்ஸ்’ 1985இல் நின்றுபோய்ப் பதினான்கு ஆண்டுகள் உக்கியது. பற்றுள்ளோர் நிதி திரட்டிய பின்னரே 1999இல் அதன் சக்கரங்கள் மீண்டும் உருண்டன.

இராட்சத இராட்டினங்களின் வரலாறு இதனினுந் துயரமானது. 1893இல் சிக்காகோக் கண்காட்சியில் ஃபெறிஸ் என்னும் பொறியியலாளர் எழுப்பிய 80 மீற்றர்ச் சக்கரமே உலகின் முதற் பெருஞ் சக்கரம். பாரிஸின் ஈபெல் கோபுரத்துக்கு அமெரிக்காவின் மறுமொழியாக அது எழுப்பப்பட்டது. மறுமொழி கூறி முடிந்தபின் அதற்குத் தேவை இருக்கவில்லை. 1906இல் அதற்கும் வெடி வைத்தனர். வியன்னாவிலே 1897இல் எழுந்த, அதனினுஞ் சிறிய சக்கரமோ இன்றும் சுழல்கின்றது. ஆயின் எவ்வாறு? 1916இலேயே அதனை இடிக்கத் தீர்மானித்திருந்தனர். எடுவர்ட் ஸ்ரைனர் என்னும் யூத வணிகர் அதனை வாங்கினார், இடிக்காது ஓடவிட்டார். 1938இல் நாசிகள் அதனை அவரிடமிருந்து பறித்தனர். அவர் அவுஷ்விற்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். போரின் இறுதிக் கட்டத்தில் சக்கரமும் எரிந்தது. 1947இல் அது மீண்டும் சுழலத் தொடங்கியபோது, முன்பிருந்த முப்பது கூடுகளுக்குப் பதிலாகப் பதினைந்தையே மாட்டினர். இத்தனைக்குப் பின்னரும், ‘பழையவை அழகாக மூப்படைகின்றன’ என்று கைகட்டி நின்று வியப்போர், அம்மூப்பைச் சாத்தியமாக்கிய மனிதரைப் படத்திலிருந்து வெட்டிவிடுகின்றனர்.

புதுமையைப் போற்றுவோருக்குக் கூற வேண்டியது இதனினும் அதிகம். கிங்டா கா எவ்வாறு இயங்கியது என்பதை நோக்குவோமாயின் அதன் குறுகிய ஆயுளுக்குக் காரணம் புலப்படும். பம்பிகள் எண்ணெயை அழுத்திக் கலன்களுள் நைதரசன் வாயுவை நெருக்கும். அந்த அழுத்தம் ஒரே கணத்தில் விடுவிக்கப்பட்டதும் நீரியல் மோட்டர்கள் ஒரு பெரும் உருளையைச் சுழற்ற, அதிற் சுற்றிய கம்பிவடம் வண்டியை இழுத்து எறியும். மூன்றரைச் செக்கனில் மணிக்கு 206 கிலோமீற்றர் வேகம். முழுச் சவாரியுமே அரை நிமிடத்துக்குக் குறைவு. ஒவ்வோர் எறிதலிலும் ஒவ்வோர் உறுப்பும் தன் எல்லையைத் தொட்டு மீளவேண்டும். திறந்த சில வாரங்களிலேயே, 2005 யூனில், ஒரு மரையாணி பழுதுபட்டமையால் ஓகஸ்ட் வரை பாதை மூடப்பட்டிருந்தது. வேகச் சாதனையை 2010இல் அபுதாபியின் ‘ஃபோர்முலா றொசா’ பறித்துக்கொண்டது. உயரச் சாதனை இறுதிவரை கையிலிருந்தும் அது காப்பாற்றப்படவில்லை. அதன் கோபுரம் சரிந்த வேளையிலே சவூதி அரேபியாவின் கித்தியாவில் அதனினும் உயரமான பாதையொன்று கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

இதே முறையில் 2003இல் ஒஹையோ மாநிலத்தின் சீடர் பொயின்ற் பூங்காவில் எழுந்த ‘றொப் திறில் டிராக்ஸ்ரர்’ பாதையின் கதையும் வேறன்று. 2021 ஓகஸ்டில் வண்டியிலிருந்து கழன்ற உலோகத் துண்டொன்று வரிசையில் நின்ற பெண்ணொருவரைப் படுகாயப்படுத்தியது. பாதை மூடப்பட்டது. எறியும் பொறிமுறை மாற்றப்பட்டு 2024 மேயில் புதுப் பெயருடன் திறந்த அது ஒரு வாரமளவிலேயே மீண்டும் மூடப்பட்டு, அடுத்த ஆண்டிலேதான் ஓடியது. அதே பூங்காவில் 1964 முதல் ‘புளூ ஸ்ரீக்’ என்னும் மரப்பாதை அமைதியாக ஓடிக்கொண்டிருக்கின்றது. அதைப்பற்றி எவரும் செய்தி எழுதுவதில்லை.

இங்கே சிலர், இது உருக்கின் குற்றம், மரம் இவ்வாறு செய்யாது என இடைமறிக்கக்கூடும். அவர்களுக்கு ஒஹையோவின் கிங்ஸ் ஐலன்ட் பூங்காவைக் காட்டலாம். அங்கே 1979இல் ‘பீஸ்ற்’ என்னும் மரப்பாதை அமைக்கப்பட்டது. காடடர்ந்த மேடு பள்ளங்களுக்கேற்ப 2.24 கிலோமீற்றர் நீளத்துக்கு அது வளைந்து செல்கின்றது. அதன் புகழைக் காசாக்க எண்ணிய நிர்வாகம் 2000இல் ‘சன் ஒஃப் பீஸ்ற்’, அதாவது அவ்விலங்கின் மகன் என்னும் பெயரில், 66 மீற்றர் உயரமான மரப்பாதையைத் தலைகீழ்ச் சுழல் ஒன்றுடன் எழுப்பியது. மரத்தால் இயலாததை மரத்தின்மேற் சுமத்தினர். 2006இல் மரச்சட்டமொன்று விரிவுகண்டமையால் இருபத்தேழு பேர் காயமுற்றனர், சுழல் அகற்றப்பட்டது, 2009இல் மூடப்பட்டது, 2012இல் இடிக்கப்பட்டது. மகன் போய்விட்டான், தந்தை இன்றும் ஓடுகின்றது.

பீஸ்ற் பாதையும் தன் காலத்தில் சாதனை அன்றோ, மரப்பாதைகளுள் நீளமானது என்ற பெயர் அதற்கு இன்றும் உண்டன்றோ எனக் கேட்பது நியாயமான கேள்வி. 1989இல் முதன்முதலாக 200 அடியைத் தாண்டிய ‘மக்னம்’, 2000இல் 300 அடியைத் தாண்டிய ‘மிலேனியம் ஃபோர்ஸ்’ ஆகிய உருக்குப் பாதைகளும் சாதனைகளே. இரண்டின் உயரச் சாதனையும் பறிபோய் நெடுங்காலமாயிற்று. எனினும் சீடர் பொயின்றில் அவற்றுக்கு மக்கள் குறையவில்லை. ஆகவே சாதனை என்பது தன்னளவில் நோயாகாது என ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. அச்சாதனை பறிபோன மறுநாள் அந்தச் சவாரியில் என்ன எஞ்சியிருக்கும் என்பதே கேட்கவேண்டிய வினா. மிலேனியம் ஃபோர்ஸில் ஏரிக்கரையோரம் பறந்து செல்லும் நீண்ட ஓட்டம் எஞ்சியிருக்கின்றது. கிங்டா காவிலே கோபுரமொன்றின் மேலேறிக் கீழிறங்குவதைத் தவிர எஞ்சுவதற்கு அதிகம் இல்லை.

சைக்கிளோனில் எஞ்சியிருப்பது யாது? மேலேறும் சங்கிலியின் கடகட ஒலி. உச்சியில் கடல் தெரியும் ஒரு கணம். செங்குத்துப்போலத் தோன்றும் முதல் வீழ்ச்சி. அதன்பின் ஒன்றையொன்று துரத்தும் மேடுகள். உச்சியை விட்டபின் புவியீர்ப்பே முழு வேலையையும் செய்கின்றது. தாங்கும் சட்டகம் உருக்கினாலானது. பாதை பல அடுக்குப் பலகைகளாலானது, அவற்றின்மேல் உருக்குத் தகடு. குளிர்காலத்தில் தச்சர் உக்கிய பலகையைக் கழற்றிப் புதியதை இடுவர். 2024 ஓகஸ்டில் சங்கிலியை இழுக்கும் பற்சக்கரத்தில் வெடிப்பு ஏற்பட்டு வண்டி நடுவழியில் நின்றது, பயணிகள் இறக்கப்பட்டனர், பற்சக்கரம் மாற்றப்பட்டு விரைவிலேயே பாதை மீண்டும் திறந்தது. ஓர் உறுப்புப் பழுதாயின் அவ்வுறுப்பை மாற்றலாம் என்ற எளிமையே நூறாண்டு வாழ்வின் இரகசியத்தில் பாதி. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் 1912 முதல் ஓடும் ‘சீனிக் றெயில்வே’யிலும் டென்மார்க்கின் ரிவொலியில் 1914 முதல் ஓடும் பாதையிலும் வண்டியிலேயே ஒருவர் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு பயணஞ் செய்கின்றார். வேகத்தின் அளவு அவரது கையில் உள்ளது. ஆகவே அங்கே ஒரு சவாரி மற்றொரு சவாரியைப் போல இருப்பதில்லை.

இந்த எளிமையும் ஒரு காலத்திலே நவீனமாக இருந்தது. வண்டி பாதையை விட்டு மேலெழாது தடுக்கும் அடிச்சக்கரத்தை ஜோன் மில்லர் என்பார் வகுத்து 1919இல் உரிமம் பெற்றிராவிடில், சைக்கிளோனின் முதல் வீழ்ச்சியே சாத்தியமாகியிராது. 1884இல் கொனி ஐலன்டில் தொம்சன் அமைத்த, மணிக்கு ஆறு மைல் வேகத்தில் நகர்ந்த முதற் பாதையோடு ஒப்பிட்டால் 1927இன் சைக்கிளோன் ஒரு திகிற் சவாரியே. பிளாக்பூலில் 1904 முதல் சுழலும் பறக்கும் யந்திரத்தை அமைத்த ஹிறம் மக்சிம், ஆபிரிக்க மக்களைப் பேரரசுப் படைகள் கொன்று குவிக்கப் பயன்படுத்திய மக்சிம் துப்பாக்கியைக் கண்டுபிடித்த அதே மனிதர். தமது விமான ஆராய்ச்சிக்குப் பணந் தேடுவதற்காகவே அதனை அமைத்தார். அவரது விமானம் எழவில்லை. துப்பாக்கி நூதனசாலைக்குப் போயிற்று. குழந்தைகளைச் சுமந்து அந்த யந்திரம் மாத்திரம் சுழன்றுகொண்டிருக்கின்றது.

வேகத்தை மாத்திரம் மதிப்பென எண்ணுவோரின் மூடத்தனத்துக்கு டிஸ்னிலான்டிலும் ஒரு சின்னம் உண்டு. 1967இல் அங்கே ‘பீப்பிள் மூவர்’ என்னும் மெதுவான வண்டி உயர்ந்த பாதையொன்றில் மக்களை உலாக் கொண்டு சென்றது. 1995இல் அதனை நிறுத்தினர். 1998இல் அதே பாதையில் ‘றொக்கற் றொட்ஸ்’ என்னும் வேக வண்டிகளை ஓடவிட்டனர். பாதையின் திருப்பங்கள் வேகத்துக்கேற்பச் சரிக்கப்படவில்லை. எனவே வண்டிகள் நேர்ப் பாதையிற் பாய்ந்து திருப்பந்தோறும் தயங்கின. டயர்கள் தேய்ந்தன. இரண்டே ஆண்டுகளில் அதுவும் நின்றது. அதே பூங்காவிலே 1955இல் தொடங்கிய ‘பீற்றர் பான்’ சவாரி, இருளிலே சிறு கப்பலொன்றில் இலண்டன் நகர விளக்குகளின் மேலாகக் குழந்தைகளை மெல்ல இட்டுச் செல்வதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. அதன் வரிசை இன்றும் பூங்காவின் நீண்ட வரிசைகளுள் ஒன்று.

பூங்காக்களை நடத்தும் நிறுவனங்களுக்கு இவையெல்லாம் தெரியாதவையல்ல. சாதனை என்பது விளம்பரத்துக்கு உகந்த பண்டம். உயரத்தையும் வேகத்தையும் பலகையில் எழுதலாம், மேடுகளின் தாளத்தை எழுத முடியாது. ஒரு பருவத்துக்கான கூட்டத்தைச் சாதனை கூட்டித் தருகின்றது. அப்பருவம் முடிந்ததும் பராமரிப்புச் செலவு எஞ்சுகின்றது. பின்னர் அதனை இடிப்பதையும் ஒரு காட்சியாக்கலாம். 2024 நவெம்பரில் கிங்டா கா ஓய்வுபெறுவதாக அறிவித்த நிறுவனம், அதே அறிவித்தலிலே அதற்குப் பதிலாகப் பல உலக சாதனைகளை முறியடிக்கும் புதிய வண்டிப்பாதையொன்று வருமெனவும் கூறியது. அதன் பெயர் கூறப்படவில்லை; சாதனைகள் மாத்திரம் வாக்களிக்கப்பட்டிருந்தன.